ராத்திரி மூன்றே முக்காலுக்கு மட்டும் வேலை செய்யாத சென்சார்

சிப்புட் மகன் | திங்கள், இரவு 9.42

வணக்கம். சொந்த ஊர் மலேசியா, பேராக்கில் சுங்கை சிப்புட். வேலை ஜொகூர் பாருவில், அதனால் மாதம் ஒரு தடவைதான் வீட்டுப் பக்கம் போக முடிகிறது. அம்மாவுக்கு 71 வயது. முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்து வரிசை வீடுகளை இடித்து, நாங்கள் டவுனை ஒட்டி ஒரு பலகை வீட்டுக்கு வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனால் விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, போன உடம்பு இன்னும் அதே நேரத்துக்கு எழுந்துவிடுகிறது. மூன்றே முக்கால், நாலு மணிக்கெல்லாம் பாத்ரூம் போவார்.

பாத்ரூம் வீட்டுக்குப் பின்னால் தனியாக இருக்கிறது. அடுப்படிக் கதவிலிருந்து அதுவரை ஐந்தாறு அடி எடுத்துவைக்கும் நடை, மேலே தகரக் கூரை, கீழே பாசி பிடிக்கும் சிமெண்டு. போன டிசம்பர் மழையில் அங்கேதான் வழுக்கி விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

நான் செய்திருப்பது: முன்னறையில் ராஸ்பெரி பை என்கிற கையளவு கம்ப்யூட்டர், அதில் வீட்டுக் கருவிகளை நடத்தும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள், அவற்றோடு வயரில்லாமல் பேச ஜிக்பீ டாங்கிள். நடையில் ஒரு ஜிக்பீ பல்பு. அடுப்படிக் கதவுக்கு மேலே, பாத்ரூமைப் பார்த்தபடி, சிஆர்2450 பேட்டரி போட்ட மோஷன் சென்சார். ஆள் நடமாடினால் விளக்கு எரிய வேண்டும், ஐந்து நிமிடம் அசைவில்லை என்றால் அணைய வேண்டும், அவ்வளவுதான்.

பிரச்சினை மூன்று. ஒன்று, நான் வீட்டில் இருக்கும்போது பத்துக்குப் பத்து தடவை வேலை செய்கிறது. இங்கே வந்து பதிவைப் பார்த்தால் ராத்திரியில் ஒன்றுமே இல்லை. இரண்டு, மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை ஆளே இல்லாமல் பத்துப் பதினைந்து தடவை அசைவு காட்டுகிறது. மூன்று, இரண்டு வருடம் வரும் என்று பெட்டியில் போட்டிருந்த பேட்டரி ஆறு வாரத்தில் தீர்ந்துவிட்டது. புதிது போட்டேன், அதுவும் இறங்குகிறது.

அம்மாவிடம் கேட்டால், "லைட் எரியுதுப்பா, நீ ஏன் கவலைப்படுறே" என்கிறார்.

---

தாப்பா தம்பி | திங்கள், இரவு 9.58

அண்ணே, பேட்டரி டூப்ளிகேட்டாக இருக்கும். ராத்திரிச் சந்தை பாசார் மாலாமில் ஐந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு அட்டை வாங்கினால் இப்படித்தான்.

---

பழைய கிராணி | திங்கள், இரவு 10.15

ஒரு நடைக்கு விளக்குப் போட கம்ப்யூட்டர், டாங்கிள், சர்வர்! டவுனில் ஹார்டுவேர் கடைத் தவுக்கேயிடம் கேட்டால் காந்தம் ஒட்டின சென்சார் விளக்கு எடுத்துக் கொடுப்பார். இருபது வெள்ளிக்குள் முடிந்துவிடும். ஆள் வந்தால் எரியும், போனால் அணையும். மாதம் ஒரு தடவை சார்ஜ் போட்டால் போதும். தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், கேட்கத் தோன்றியது.

---

சிப்புட் மகன் | திங்கள், இரவு 10.31

கோபமில்லை ஐயா. அதுவும் வாங்கி மாட்டிப் பார்த்தேன், நன்றாகவே எரிந்தது. ஆனால் எனக்கு வேண்டியது விளக்கு மட்டுமில்லை. அம்மா நடையில் போய் இருபது நிமிடத்துக்குள் திரும்பி வரவில்லை என்றால் எனக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் செய்தி வர வேண்டும். அந்த விளக்குக்கு அதைச் சொல்லத் தெரியாது.

தம்பி, பேட்டரி ஈப்போவில் நல்ல கடையில் வாங்கியதுதான். மீட்டர் வைத்துப் பார்த்தேன், புதிதில் 3.2 வோல்ட் இருந்தது.

---

ரேடியோக்காரர் | திங்கள், இரவு 11.20

வோல்ட் பார்த்து இந்த வகை பேட்டரியை எடை போடாதீர்கள். லித்தியம் காசு பேட்டரி கடைசி வரை 3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும், பிறகு ஒரே சரிவாக விழுந்துவிடும். சும்மா மீட்டர் வைத்தால் 2.9 காட்டுவது, சென்சார் ரேடியோவைத் திறந்து செய்தி அனுப்பும் அந்தக் கணத்தில் 2.4க்கு இறங்கும். அப்போது சென்சார் தடுமாறும். ஆப்பில் தெரியும் சதவீதமும் இதே கதைதான். 100, 100, 100, அப்புறம் ஒரு நாள் காலையில் 0.

உங்கள் கணக்குக்கு வருவோம். சிஆர்2450இன் கொள்ளளவு சுமார் 600 மில்லி ஆம்பியர் மணி. சென்சார் தூக்கத்தையும் விழிப்பையும் சேர்த்துச் சராசரியாக 20 மைக்ரோ ஆம்பியர் எடுத்தால் 30,000 மணி நேரம் வரும், அதாவது மூன்று வருடத்துக்கு மேல். மூன்று மடங்கு, 60 மைக்ரோ எடுத்தாலும் ஒரு வருடம் தாண்டும். ஆறு வாரம் என்பது ஏறக்குறைய 1,000 மணி. அப்படியென்றால் சராசரி 600 மைக்ரோ ஆம்பியர். மத்தியானத்தில் பதினைந்து தடவை பொய்யாக அடிப்பதால் மட்டும் இவ்வளவு போகாது. ரேடியோ மணிக்கணக்கில் விழித்திருந்தால்தான் போகும்.

ஜிக்பீயில் பேட்டரிச் சாதனம் நேராக எல்லாரோடும் பேசாது. அதற்கு ஒரு தாய் உண்டு: டாங்கிளாக இருக்கலாம், அல்லது எப்போதும் கரண்டில் இருக்கும் பல்பு, பிளக் மாதிரி ஒன்றாக இருக்கலாம். சென்சார் தூங்கும், எழும், தாயிடம் சொல்லும், மறுபடி தூங்கும். தாய் காணாமல் போனால் ஒவ்வொரு சேனலாக "யாராவது இருக்கிறீர்களா" என்று தேடும். அந்தத் தேடல்தான் பேட்டரியைக் குடிக்கும்.

உங்கள் சென்சாருக்கு யார் தாய்? வரைபடம் போட்டுப் பாருங்கள்.

---

சிப்புட் மகன் | செவ்வாய், காலை 6.50

பார்த்தேன். சென்சாரின் தாய் நடையில் இருக்கும் பல்பு. டாங்கிளோடு நேரடி இணைப்பு இல்லை. முன்னறைக்கும் நடைக்கும் பதினான்கு மீட்டர் இருக்கும். நடுவில் அடுப்படி முழுக்கத் தகரச் சுவர்.

---

ரேடியோக்காரர் | செவ்வாய், காலை 7.15

தகரம் இந்த அலைவரிசைக்குக் கோட்டைச் சுவர். பலகைச் சுவர் ஒன்றும் செய்யாது. தகரம் திருப்பி அடித்துவிடும். அப்போது பல்பை நம்பித்தான் சென்சார் பிழைக்கிறது.

இப்போது பல்பின் பதிவை எடுங்கள். சென்சாருடையது இல்லை, பல்புடையது. ஒரு எச்சரிக்கை: சாதனம் இல்லை என்று ஹோம் அசிஸ்டன்ட் உடனே சொல்லாது. டாங்கிளை ஹோம் அசிஸ்டன்ட்டோடு இணைக்கும் ஜிக்பீ2எம்க்யூடிடியில், சாதனம் இருக்கிறதா என்று பார்க்கும் வசதியைத் திறந்துவைத்திருந்தால், கரண்டில் இருப்பது பத்து நிமிடம் பதில் சொல்லாவிட்டால் ஆஃப்லைன் என்று போடும். பேட்டரியில் இருப்பதற்கு 25 மணி நேரம் பொறுத்துப் பார்க்கும். அதனால்தான் சென்சார் ராத்திரி முழுக்கத் தொலைந்தாலும் உங்கள் திரையில் பச்சையாகவே நின்றிருக்கும்.

---

சிப்புட் மகன் | செவ்வாய், இரவு 8.05

வேலை முடிந்து வந்து பார்த்தேன். அப்படியே கீழே போடுகிறேன், பல்பின் கடந்த ஐந்து நாள் பதிவு:

வியாழன்: இரவு 9.41 ஆஃப்லைன். காலை 3.52 ஆன்லைன்.
வெள்ளி: இரவு 9.38 ஆஃப்லைன். காலை 3.47 ஆன்லைன்.
சனி: இரவு 10.02 ஆஃப்லைன். காலை 4.05 ஆன்லைன்.
ஞாயிறு: இரவு 9.40 ஆஃப்லைன். காலை 3.50 ஆன்லைன்.
திங்கள்: இரவு 9.44 ஆஃப்லைன். காலை 3.49 ஆன்லைன்.

---

தாப்பா தம்பி | செவ்வாய், இரவு 8.09

ஐயோ அண்ணே.

---

ஈப்போ வயர்மேன் | செவ்வாய், இரவு 8.20

சுவிட்ச்.

அம்மா படுக்கப் போகும்போது நடை சுவிட்சைத் தட்டிவிட்டுப் போகிறார். விடியற்காலை எழுந்து தானே தட்டி விளக்கைப் போட்டுக்கொண்டு போகிறார். நீங்கள் கேட்டால் "லைட் எரியுதுப்பா" என்கிறார். அவர் சொன்னது பொய்யில்லையே.

நீங்கள் வீட்டில் இருக்கும்போது "அதைத் தொடாதீங்கம்மா" என்று சொல்லியிருப்பீர்கள். அன்றைக்குத் தொட்டிருக்க மாட்டார். நீங்கள் பஸ் ஏறினதும் பழைய கை பழைய இடத்துக்குப் போயிருக்கும்.

---

சிப்புட் மகன் | செவ்வாய், இரவு 8.34

இப்போதுதான் போன் பண்ணினேன். "ராத்திரி பூரா சுவிட்ச் போட்டு வச்சா பில்லு யார் கட்டுறது" என்று கேட்டார். பல்பு அணைந்துதான் இருக்கிறது, சுவிட்ச் மட்டும் போட்டிருந்தால் போதும் என்று சொன்னேன். "அணைஞ்சிருக்கிற லைட்டுக்கு எதுக்கு சுவிட்ச் போடணும்?" பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆக ராத்திரி ஆறு மணி நேரம் சென்சார் அநாதையாகத் தேடிக்கொண்டே கிடந்திருக்கிறது. பேட்டரி கணக்கும் சரியாகிவிட்டது. சுவிட்ச் மேல் டேப் ஒட்டிவிடவா?

---

லூனாஸ் அக்கா | செவ்வாய், இரவு 9.10

டேப்பை நீங்கள் ஒட்டுவீர்கள், அவர் பிய்ப்பார். என் மாமியாரிடம் நான் இரண்டு வருடம் முயன்று தோற்ற விஷயம் இது. முப்பது வருடம் மண்ணெண்ணெய் விளக்கையும், மணிக்கணக்கு வைத்து லயத்துக்கு விட்ட கரண்டையும் பார்த்தவர்களுக்குச் சுவிட்சை அணைப்பது பழக்கம் இல்லை, ஒழுக்கம். அதை மாற்றப் பார்க்காதீர்கள் தம்பி. வயரை மாற்றுங்கள்.

இன்னொன்று கேட்கிறேன். இது தன்னைக் கவனிக்கிற கருவி என்று அம்மாவுக்குத் தெரியுமா?

---

சிப்புட் மகன் | செவ்வாய், இரவு 9.26

தெரியும் அக்கா. முதலில் கேமரா என்றேன். "பாத்ரூம் போற வழியில கேமராவா? உனக்குப் புத்தி இருக்கா?" என்று போனை வைத்துவிட்டார். பிறகு சென்சாரைக் கையில் கொடுத்து, இதில் கண்ணாடி இல்லை, படம் எடுக்காது, சூடு நகர்ந்தால் மட்டும் தெரியும் என்று சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாம்பு மாதிரியா?" என்றார். ஒரு வகையில் அப்படித்தான் என்றேன். அதற்குச் சரி என்றார்.

---

ரேடியோக்காரர் | செவ்வாய், இரவு 9.50

அம்மா சொன்னது ரொம்பச் சரி. குழிவிரியன் பாம்பின் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள குழியும் இந்தச் சென்சாரும் உணர்வது வெப்பக் கதிரைத்தான்.

உள்ளே ஒரு சின்னச் சில்லு, அதில் இரண்டு பட்டைகள், ஒன்றுக்கு ஒன்று எதிராக இணைத்திருக்கும். முன்னால் வெள்ளைக் குமிழ் மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் ஒரு லென்ஸ். அது அறையை விசிறி மாதிரி பல கீற்றுகளாகப் பிரிக்கும். நீங்கள் ஒரு கீற்றிலிருந்து அடுத்த கீற்றுக்குப் போனால் முதல் பட்டையில் சூடு ஏறி, அப்புறம் இரண்டாவதில் ஏறும். அந்த வித்தியாசம்தான் "அசைவு". இரண்டு பட்டையிலும் சேர்ந்தே ஏறினால் ஒன்றை ஒன்று கழித்துவிடும். அதனால் சும்மா உட்கார்ந்திருப்பவரை இது பார்க்காது. நேராகத் தன்னை நோக்கி நடந்து வருபவரையும் தாமதமாகத்தான் பார்க்கும். குறுக்கே போகிறவரை உடனே பிடிக்கும்.

உங்கள் சென்சார் அடுப்படிக் கதவுக்கு மேலே, பாத்ரூமைப் பார்த்தபடி இருக்கிறது என்றீர்கள். அம்மா அதற்கு முதுகு காட்டி நேராக விலகிப் போகிறார். இருப்பதிலேயே மோசமான இடம் அது. பக்கத்துத் தூணுக்கு மாற்றுங்கள். இரண்டு மீட்டர் உயரம், நடையைக் குறுக்கே பார்க்கிற மாதிரி.

மத்தியானக் கதைக்கு ஒரு கேள்வி: சென்சாருக்கு எதிரே என்ன இருக்கிறது?

---

சிப்புட் மகன் | செவ்வாய், இரவு 10.02

பாத்ரூம், அதற்கு இடது பக்கம் துணி காயப்போடும் கொடி.

---

ரேடியோக்காரர் | செவ்வாய், இரவு 10.11

அதுதான் உங்கள் மத்தியான விருந்தாளி. வெயிலில் சூடேறின கைலி காற்றில் ஆடினால் அது நகரும் வெப்பம், சென்சாருக்கு ஆள் மாதிரியே தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், அதே நேரத்தில் உண்மையான ஆளை அது தவறவிடும். தகரக் கூரைக்குக் கீழே பகல் இரண்டு மணிக்கு 34, 35 டிகிரி இருக்கும். மனிதத் தோலும் கிட்டத்தட்ட அதே சூடு. பின்னணியும் ஆளும் ஒரே நிறத்தில் இருக்கிற மாதிரி. விடியற்காலை நாலு மணிக்கு 23, 24 டிகிரி. அப்போது அம்மா அதற்கு விளக்குப் பிடித்த மாதிரி தெரிவார். உங்களுக்கு வேண்டிய நேரம் அதற்கு வசதியான நேரம். தானியங்கியைச் சூரியன் மறைவிலிருந்து உதயம் வரை என்று மட்டும் வையுங்கள். நம் ஊரில் வருடம் முழுக்க ஏழு மணியிலிருந்து ஏழேமுக்காலுக்குள் இருட்டிவிடும், பெரிய ஏற்ற இறக்கம் இல்லை.

---

தாப்பா தம்பி | செவ்வாய், இரவு 10.30

எங்கள் வீட்டில் கோழி. ராத்திரி இல்லை, விடியற்காலை ஐந்து மணிக்குக் கூடையிலிருந்து இறங்கினதும் லைட் எரியும். சேவல் லைட்டைப் பார்த்துக் கூவும். அப்பா சேவலைத் திட்டுவார்.

---

ரேடியோக்காரர் | செவ்வாய், இரவு 10.36

லென்ஸின் கீழ்ப் பாதியில் உள்பக்கமாக டேப் ஒட்டு தம்பி. கீழே பார்க்கிற கீற்றுகள் மூடிவிடும். அப்பா மட்டும் தெரிவார்.

---

ஈப்போ வயர்மேன் | புதன், காலை 7.40

சுவிட்ச் விஷயத்துக்கு வருகிறேன், என் தொழில் அது.

ஸ்மார்ட் பல்பைக் கழற்றிவிட்டுச் சாதா எல்இடி பல்பு போடுங்கள். சுவிட்சுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு ஜிக்பீ ரிலே வைக்கலாம். லைன் நேராக ரிலேக்குப் போகும், பல்புக்குக் கரண்ட் கொடுப்பதும் நிறுத்துவதும் ரிலே. சுவிட்ச் ரிலேயிடம் "தட்டினார்கள்" என்று மட்டும் சொல்லும். அம்மா ஒன்பதே முக்காலுக்குத் தட்டினால் விளக்கு அணையும், அவருக்கு நிம்மதி. ஆனால் ரிலேக்கு வரும் கரண்ட் நிற்காது, சென்சாரின் தாய் உயிரோடு இருக்கும். மூன்றே முக்காலுக்கு அம்மா சுவிட்சுக்குக் கை நீட்டும் முன்னாலேயே விளக்கு எரிந்திருக்கும்.

ஒரே சிக்கல், நம் வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் வயர் பெரும்பாலும் இருக்காது. லைன் மட்டும் இறங்கி ஏறும். நியூட்ரல் இல்லாமல் ஓடும் ரிலேக்களும் கிடைக்கும், ஆனால் அந்த வகையில் பலவும், மற்ற சாதனங்களுக்குத் தாயாக இருக்காது. உங்களுக்குத் தாய்தான் வேண்டும். அதனால் நியூட்ரல் இழுங்கள். பலகை வீடு, வயர் எல்லாம் சுவருக்கு வெளியே கேசிங்கில்தானே ஓடுகிறது? அரை மணி வேலை. கல் வீடாக இருந்தால் சுவரை உடைக்கச் சொல்லியிருப்பேன்.

தயவுசெய்து யூடியூப் பார்த்து நீங்களே கை வைக்க வேண்டாம். 240 வோல்ட், ஈரமான நடை. லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். ரிலேயை நனையாத பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

---

சிப்புட் மகன் | புதன், மதியம் 1.15

இது எனக்குத் தோன்றவே இல்லை அண்ணே. வரும் சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன், ஆளைச் சொல்லிவைத்துவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். ரிலே நடையில் இருக்கும், டாங்கிள் முன்னறையில். நடுவில் தகர அடுப்படி. ரிலேக்கே சிக்னல் எட்டுமா? இப்போது பல்புக்கு எல்க்யூஐ (சிக்னல் தரம்) 255க்கு 30, 40தான் காட்டுகிறது. அடுப்படியில் ஒரு ஸ்மார்ட் பிளக் வைத்தால் நடுவில் கை கொடுக்கும் என்று பார்க்கிறேன். அடுப்படி பிளக் எல்லாவற்றையும் அம்மா ராத்திரியில் அணைத்துவிடுவார். ஃபிரிட்ஜ் ஒன்றுதான் அணையாதது. அதில் வைக்கவா?

---

லூனாஸ் அக்கா | புதன், மதியம் 1.32

ஃபிரிட்ஜில் வேண்டாம். ஆப்பில் கை தவறி அணைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து ஊருக்குப் போன கதை எங்கள் வீட்டிலேயே நடந்தது. மீனும் போச்சு, ஃபிரிட்ஜில் நாற்றமும் போகவில்லை.

---

ஈப்போ வயர்மேன் | புதன், மதியம் 2.05

அக்கா சொல்வது சரி. அதோடு கம்ப்ரசர் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் அடிக்கிற அடி சின்ன பிளக்கின் ரிலேக்கு நல்லதில்லை.

இடி இடித்தால் அம்மா என்ன செய்வார்?

---

சிப்புட் மகன் | புதன், மதியம் 2.11

எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுவார். ஃபிரிட்ஜ் உட்பட. டிவி, மோடம், என் ராஸ்பெரி பை, எல்லாம். சுங்கை சிப்புட்டில் சாயங்காலம் மழை இல்லாத நாள் எது? போன மாதம் மட்டும் பை எட்டுத் தடவை அணைந்து எழுந்திருக்கிறது. அதையும் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

---

ஈப்போ வயர்மேன் | புதன், மதியம் 2.30

நிறுத்தச் சொல்லாதீர்கள்! அதில் அம்மா பக்கம்தான் நான். இடி விழுந்து கருகின மோடம், தானியங்கி வாசல்கேட் போர்டு, டிவி என்று வாரா வாரம் பார்க்கிறவன் நான். ஃபைபர் கண்ணாடி இழை, அது வழியாக வராது என்று பலர் சொல்வார்கள். இழை வழியாக வராது, ஆனால் மோடமின் அடாப்டர் கரண்ட் லைனில்தானே சொருகியிருக்கிறது? மெயின் சுவிட்ச் இருக்கும் டிபி பெட்டியில், திடீர் மின் பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பு ஒன்று போடச் சொல்லுங்கள், எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவர் பிடுங்கினால் பிடுங்கட்டும். மழை விட்டதும் மாட்டிவிடுவார் அல்லவா?

பேட்டரிச் சென்சாரில் எனக்குப் பிடித்ததே அதுதான். லைனோடு சம்பந்தமே இல்லை. இடியில் மற்றதெல்லாம் போனாலும் அது மட்டும் ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கும்.

---

பழைய கிராணி | புதன், மாலை 5.48

நான் ஒன்று கேட்கிறேன். அந்த வீட்டில் ராத்திரி பகல், மழை இடி, எதற்கும் அணைக்காத ஒரு விளக்குக் கூடவா இல்லை?

---

சிப்புட் மகன் | புதன், மாலை 6.20

ஐயா.

சாமி மேடை.

சிவப்பு ஜீரோ வாட் பல்பு. அப்பா இறந்த வருடம் போட்டது. அது அணைந்து நான் பார்த்ததே இல்லை. இடி விழுந்தாலும் அதன் பிளக்கில் அம்மா கை வைக்க மாட்டார். பல்பு ஃபியூஸ் ஆனால் மறுநாள் காலையிலேயே டவுனுக்குப் போய் வாங்கிவருவார். மேடை கூடத்தின் பின்சுவரில், கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போகும் வாசலுக்குப் பக்கத்தில்தான். அந்த வாசலுக்குக் கதவு கிடையாது, மணித் திரை மட்டும்.

---

ரேடியோக்காரர் | புதன், மாலை 6.41

கிராணி ஐயாவுக்கு என் வணக்கம். இருபது வெள்ளி விளக்கு வாங்கச் சொன்னவர்தான் முடிச்சை அவிழ்த்திருக்கிறார்.

பிளக்கை அங்கே வையுங்கள். வீட்டின் நடு, திறந்த வாசல், இரண்டு பக்கமும் பார்வை. ஒரே ஒரு காரியம்: பிளக்கின் பொத்தானும் ஆப்பிலுள்ள சுவிட்சும் பூட்டப்பட்டிருக்கட்டும், கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகிற மாதிரி அமைத்துவிடுங்கள். சாமி விளக்கை நீங்கள் ஜொகூரிலிருந்து அணைத்தீர்கள் என்றால் அதற்கு என்னிடம் தீர்வு இல்லை.

டாங்கிளைப் பையில் நேராகச் சொருகியிருந்தால் எடுங்கள். பை 4இல் நீல நிற யுஎஸ்பி 3 வாய்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். இன்டெல் 2012இலேயே இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. கறுப்பு வாயில் ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிள் போட்டு, மோடமிலிருந்து தள்ளி வையுங்கள். வைஃபை எந்த சேனலில் இருக்கிறது என்றும் பாருங்கள். ஜிக்பீ2எம்க்யூடிடி சும்மா விட்டால் 11இல் உட்காரும், அது வைஃபை 1இன் மடியில். வைஃபையை 1இல் நிறுத்திவிட்டு ஜிக்பீயை 20 அல்லது 25க்கு மாற்றலாம். மாற்றினால் சென்சாரை மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும், அதனால் இதை முதலில் செய்யுங்கள்.

வரிசை இது: சேனல், சாமி மேடை பிளக், ரிலே, கடைசியில் சென்சார். சென்சாரை முன்னறையில் உட்கார்ந்து சேர்க்காதீர்கள், அது மாட்டப்போகும் தூணில் வைத்தே சேருங்கள். சேர்க்கும்போது "ரிலே வழியாக மட்டும்" என்று அனுமதி கொடுக்கலாம். அனுமதி 254 வினாடிதான் திறந்திருக்கும். பொத்தானை ஐந்து வினாடி அழுத்தி, விளக்கு மின்னினதும் விட்டுவிட்டு, பிறகு வினாடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே இருங்கள். இல்லாவிட்டால் பாதிப் பேச்சில் தூங்கிவிடும்.

சோதிக்கும்போது கையை ஆட்டிக்கொண்டே நிற்காதீர்கள். இந்த வகை பலவற்றில் ஒரு தடவை அடித்தால் அடுத்த ஒரு நிமிடம் கண் மூடியிருக்கும், பேட்டரியை மிச்சம் பிடிக்க. நகராமல் ஒரு நிமிடம் காத்திருந்து, பிறகு நடங்கள்.

---

லூனாஸ் அக்கா | புதன், இரவு 9.05

பேட்டரி மாற்றுகிற அன்றைக்குப் பேரப்பிள்ளைகள் யாராவது வீட்டில் இருப்பார்களா? நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், அதனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காசு பேட்டரியை விழுங்கின குழந்தைக்கு இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடும். தீர்ந்துபோன பேட்டரிதானே என்று நினைக்காதீர்கள், சென்சாருக்குத் தீர்ந்தது தொண்டைக்குத் தீரவில்லை. விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. பழைய பேட்டரியை இரண்டு பக்கமும் டேப் சுற்றி உடனே வீட்டை விட்டு வெளியேற்றுங்கள்.

குழந்தைகள் வாயில் வைக்காமல் இருக்கக் கசப்புப் பூசின பேட்டரியும் வருகிறது. சில கருவிகளில் அந்தப் பூச்சு தொடுமுனையை மறித்து, பேட்டரி இல்லாத மாதிரி காட்டும். அப்படிக் காட்டினால் சென்சார் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள்.

---

சிப்புட் மகன் | ஞாயிறு, இரவு 10.50

ஜொகூர் திரும்பும் பஸ்ஸிலிருந்து எழுதுகிறேன்.

வயர்மேன் வந்து நியூட்ரல் இழுத்து ரிலே போட்டுவிட்டார். சர்ஜ் பாதுகாப்பும் போட்டாயிற்று. எர்த் கம்பி துருப்பிடித்து மண்ணுக்குள் பாதியோடு நின்றிருந்தது, அதையும் மாற்றினார். சேனல் 25. சாமி மேடை பிளக் வழியாக ரிலேயின் எல்க்யூஐ 130ஐ ஒட்டி நிற்கிறது.

சென்சாரைக் கழற்றினால் பின்பக்கம் முழுக்க எறும்புக் கூடு, முட்டையோடு. துடைத்துவிட்டுத் தூணில் மாட்டினேன். கொடியை அம்மாவே முன்பக்கத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டார், அங்கேதான் வெயில் நன்றாக விழுகிறதாம்.

செய்தி அனுப்புகிற வேலைக்கு நடைச் சென்சார் மட்டும் போதவில்லை. போகிறாரா, வருகிறாரா என்று அதற்குத் தெரியாது. அதனால் பாத்ரூம் கதவில் ஒன்று, அடுப்படிக் கதவில் ஒன்று என்று காந்தச் சென்சார் போட்டேன். கதவு மூடி இருபது நிமிடம் திறக்கவில்லை என்றாலும், நடையில் அசைவு பதிந்து மூன்று நிமிடத்துக்குள் பாத்ரூம் கதவோ அடுப்படிக் கதவோ அசையவில்லை என்றாலும் எனக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் செய்தி வரும். இரண்டாவதுதான் முக்கியம், அவர் விழுந்தது நடையில். சனி ராத்திரி அக்காவையும் வைத்துக்கொண்டு சோதித்தோம். நான் நடையில் படுத்துக் கிடந்தேன், மூன்றாம் நிமிடம் அக்கா வீட்டுப் போன் அடித்தது. அம்மா வாசலில் நின்று, "எந்திரிடா, ஈரத்துல படுக்காத" என்றார்.

---

பழைய கிராணி | ஞாயிறு, இரவு 11.14

கரண்ட் இல்லாத ராத்திரிக்கு அந்த இருபது வெள்ளி விளக்கையும் கதவோரம் ஒட்டிவையுங்கள் தம்பி.

---

சிப்புட் மகன் | ஞாயிறு, இரவு 11.20

கழற்றவே இல்லை ஐயா, அங்கேயேதான் இருக்கிறது.

---

சிப்புட் மகன் | திங்கள், காலை 7.02

இன்றைய பதிவு. இரவு 9.43 சுவிட்ச் தட்டப்பட்டது, விளக்கு அணைந்தது. ரிலே ஆன்லைன். காலை 3.48 நடையில் அசைவு, விளக்கு எரிந்தது. 3.49 பாத்ரூம் கதவு மூடியது. 3.56 திறந்தது. 3.57 அடுப்படிக் கதவு.

3.57க்கே இன்னொரு வரியும் இருக்கிறது: சுவிட்ச் தட்டப்பட்டது, விளக்கு அணைந்தது. ஐந்து நிமிடம் காத்திருக்க அம்மாவுக்குப் பொறுமை இல்லை.